கப்பலின் வயதைக் கேட்டீர்களா?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். புறக்கோட்டைக் கடையை மூடுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். ஆமர் வீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் இளம் வியாபாரி ஒருவர் கையில் ஒரு புரோபோமா இன்வொய்ஸுடன் வந்தார். நான்கு பேருடன் கூட்டுச் சேர்ந்து இரும்புத் தகட்டுச் சுருள் இறக்கப் போகிறாராம். அவருடைய பங்கு 400 தொன்.

"நானா, டொன்னுக்குப் பதினொரு டொலர் குறைச்சு எடுத்திருக்கேன். எல்.சி. திறக்க முந்தி ஒருக்காப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். பொருளின் தரம், கனம், நிறை, பணம் செலுத்தும் முறை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. "எந்தக் கப்பலில் வருகிறது?" என்று கேட்டேன்.

"கப்பலப் பத்தி எனக்கென்ன நானா? அது அனுப்புறவன்ட பாடுதானே" என்றார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. 2004ஆம் ஆண்டு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலை, வெள்ளவத்தையில் என் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு சிறிய வீடு. இந்த வாரம் அந்தப் பாடத்தைத்தான் வர்த்தகச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நான் படித்த பாடம்

அந்த வருடம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கராச்சியிலிருந்து மூட்டை அரிசி இறக்கினோம். எனது பங்கு 300 தொன், அதாவது 50 கிலோ மூட்டைகள் ஆறாயிரம். கப்பல் கூலி குறைவு என்பதால் மகிழ்ச்சி. கப்பலின் பெயரை பில் ஒப் லேடிங்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதன் வயது 26 என்பதையோ, கப்பலின் மேல்தளத்து மூடிகளின் இறப்பர் ஓரங்கள் இற்றுப் போயிருந்தன என்பதையோ நான் அறியேன். வரும் வழியில் கடல் கொந்தளித்து அலை தளத்தின் மேல் அடித்திருக்கிறது. மூடியின் இடுக்கு வழியே உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கொழும்பில் மூடியைத் திறந்தபோது எழுந்த அந்தப் புளித்த வாடை இன்றும் என் மூக்கில் நிற்கிறது. என் மூட்டைகளில் 1,400 நனைந்து கட்டிப்பட்டுப் போயிருந்தன. பக்கத்து மூட்டைகளிலும் வாடை ஏறிவிட்டதால் அவற்றையும் பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது.

காப்புறுதி இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். அங்கே இருந்த அதிகாரி பொலிசியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வாசகத்தைக் காட்டினார். கப்பல் இன்ன வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், இன்ன தரப்படுத்தல் நிறுவனங்களில் ஒன்றில் பதிவாகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்கூட்டியே அறிவித்து மேலதிக பிரிமியம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அறிவிக்கவில்லை. அறிவிப்பதற்கு எனக்குக் கப்பலின் பெயரே தெரிந்திருக்கவில்லை. எட்டு மாதங்கள் அலைந்தும் ஒரு சதம் கிடைக்கவில்லை. வங்கிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அந்த வீட்டை விற்றேன்.

கிளாஸ் என்றால் என்ன?

கப்பல் வியாபாரத்தில் 'கிளாஸ்' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதன் தொடக்கம் இலண்டனில் எட்வர்ட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடை. கப்பலுக்குக் காப்புறுதி கொடுப்பவர்களும் வியாபாரிகளும் அங்கே கூடுவார்கள். தாங்கள் பணத்தைப் பொறுப்பேற்கும் கப்பல் நல்லதா, ஓட்டையா என்று அறிய அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 1760இல் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களைப் பரிசோதித்துத் தரம் பிரித்து ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். உடல் நல்ல நிலையில் இருந்தால் ஓர் எழுத்து, பாய்மரமும் நங்கூரமும் நல்லதாக இருந்தால் ஓர் இலக்கம். இன்று நாம் கடையில் "ஏ வன் சாமான்" என்று சொல்கிறோமே, அது இந்தப் பதிவேட்டிலிருந்து வந்த சொல்தான். ஆக, இந்த முறை தொடங்கியதே வியாபாரிகளின் தேவைக்காகத்தான்.

பின்னர் 1828இல் பியூரோ வெரிட்டாஸ், 1862இல் அமெரிக்கன் பியூரோ, 1864இல் நோர்வேயின் நிறுவனம், 1899இல் ஜப்பானின் நிறுவனம், 1975இல் இந்தியாவின் நிறுவனம் என்று பல தோன்றின. இவற்றுள் முன்னணியில் உள்ளவை 1968இல் ஒரு சர்வதேசச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. அதைச் சுருக்கமாக ஐ.ஏ.சி.எஸ். என்பார்கள். அதில் அங்கம் வகிக்கும் நிறுவனங்களே பொதுவாக நம்பத்தக்கவை எனக் காப்புறுதிக்காரர்கள் ஏற்கின்றனர்.

பரிசோதனை எப்படி நடக்கிறது? வருடத்துக்கொரு பரிசோதனை, இடையில் ஓர் இடைக்காலப் பரிசோதனை, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பெரிய பரிசோதனை. ஐந்து வருடத்தில் இரண்டு தடவை கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் பெரும்பாலும் உலர் தடாகத்தில் ஏற்றுகிறார்கள். பெரிய பரிசோதனையின்போது இரும்புத் தகடுகளின் தடிப்பைக் கருவி வைத்து அளப்பார்கள். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். கப்பலுக்கு வயது ஏற ஏற, அளக்க வேண்டிய இடங்களும் கூடிக்கொண்டே போகும். தேய்ந்த தகட்டை வெட்டிப் புதிது போடச் செலவு அதிகம். ஓடி முடியும் காலத்தில் இருக்கும் கப்பலுக்கு அந்தச் செலவைச் செய்ய எல்லா உரிமையாளர்களுக்கும் மனம் வருவதில்லை. குறைந்த கூலிக்குக் கிடைக்கும் பழைய கப்பலைப் பற்றி யோசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் ஏன் தலையிட்டது?

தனியார் பரிசோதனை மட்டும் போதுமென்றால் அரசாங்கத்துக்கு இதில் வேலையில்லை. ஆனால் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டு பிரித்தானியாவில், பழைய கப்பலைப் பெறுமதிக்கு மேல் காப்புறுதி செய்து, அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றி அனுப்பும் முதலாளிமார் இருந்தார்கள். கப்பல் கரை சேர்ந்தால் கூலி, மூழ்கினால் காப்புறுதிப் பணம். நட்டம் மாலுமிகளின் குடும்பங்களுக்குத்தான். அந்தக் கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தார்கள். ஏற மறுத்த மாலுமிகள் ஒப்பந்தத்தை மீறியதாகச் சிறைக்குப் போனார்கள்.

டார்பி தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோல் இதற்கெதிராகப் போராடினார். அவர் நிலக்கரி வியாபாரி என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். 1873இல் இது பற்றி நூல் எழுதினார். 1875 ஜூலை 22ஆம் திகதி, கப்பல் சட்டமூலத்தை அரசாங்கம் கைவிடுவதாக அறிவித்தபோது சபையிலேயே கொதித்தெழுந்து, கப்பல் முதலாளிகளான உறுப்பினர்களைக் கயவர்கள் என்று ஏசினார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். அதே வருடம் அவசரச் சட்டமும், 1876இல் முழுமையான சட்டமும் வந்தன. பாதுகாப்பற்ற கப்பலைத் தடுத்து வைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் அதனூடே ஒரு கோடுமாகப் பூசப்பட்டிருக்கிறதே, அதுவே பிளிம்சோல் கோடு. அந்தக் கோடு தண்ணீருக்குள் மறையுமளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. இதிலும் ஒரு வேடிக்கை, கோட்டை எங்கே போடுவது என்பதை முதலில் உரிமையாளரிடமே விட்டிருந்தார்கள்! 1890இல்தான் அந்த இடத்தை அரசு நிர்ணயித்தது.

மூன்று காவல்காரர்கள்

இன்று ஒரு கப்பலைக் கவனிக்க மூன்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். முதலாவது, கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாடு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவை உலகின் மிகப் பெரிய பதிவு நாடுகள். உரிமையாளர் வேறொரு நாட்டில் இருப்பார், கப்பல் அந்த நாட்டுத் துறைமுகத்தை ஒரு நாளும் கண்டிராது. இரண்டாவது, தரப்படுத்தல் நிறுவனம். கொடி நாடு தான் செய்ய வேண்டிய பரிசோதனைகளையும் பெரும்பாலும் இந்த நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடுகிறது. மூன்றாவது, கப்பல் வந்து சேரும் துறைமுக நாடு.

நம் நாட்டில் மூன்றாவது காவல்காரர் வணிகக் கப்பற்றுறைச் செயலகம். 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின் கீழ் அதன் பணிப்பாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. அவருடைய பரிசோதகர்கள் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சான்றிதழ்களைப் பார்க்கலாம். உயிர்காப்புப் படகு, தீயணைப்புக் கருவி, இயந்திரம், மூடிகள் ஆகியவற்றைச் சோதிக்கலாம். பெரிய குறை இருந்தால் அதைத் திருத்தும் வரை கப்பலைப் போக விடாமல் மறிக்கலாம். 1998இல் பிரிட்டோரியாவில் ஏற்படுத்தப்பட்ட இந்து சமுத்திர நாடுகளின் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்துள்ளது. அதன் செயலகம் கோவாவில் இயங்குகிறது. ஒரு நாட்டில் பிடிபட்ட கப்பலின் விபரம் மற்ற நாடுகளுக்கும் போகும்.

ஆனால் துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கப்பலிலும் ஏறிப் பார்க்க எந்த நாட்டாலும் முடியாது. மாதிரிக்குச் சிலவற்றைத்தான் பார்க்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. கொழும்பில் மறிப்பது, கப்பல் கொழும்புக்கு வந்த பிறகு. என் அரிசி அதற்கு முன்பே நனைந்துவிட்டது!

நம் வாசலில் நடந்தவை

தேர்மோபைலே சியெரா என்ற கப்பலை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சைப்பிரஸ் கொடியுடைய சரக்குக் கப்பல். இரும்பு ஏற்றி வந்த அது, வர்த்தகப் பிணக்கொன்றின் காரணமாக 2009இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் இங்கே மறிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி, கடன்காரருக்காகக் கப்பலையே கைது செய்ய நமது மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கு ஒரு பக்கம் இழுபட, கப்பல் கடலில் நங்கூரத்திலேயே கிடந்தது. மூன்று வருடங்கள். ஓடாத கப்பலை ஒழுங்காகப் பராமரிப்பார் இல்லை. 2012 ஆகஸ்ட் மாதம் பாணந்துறைக்கு அப்பால் அது மூழ்கியது. எண்ணெய் கசிந்து உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்புக் கரைகளில் ஒதுங்கியது. நீதிமன்றம் மறித்தது பணத்துக்காக. அந்த மூன்று வருடமும் அதன் இரும்பு உடம்பு என்ன நிலைக்குப் போகிறது என்பதற்கு யாரோ ஒருவர் முழுப் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். வழக்கில் எவர் வென்றாலும், மூழ்கிய கப்பலில் அவருக்கு என்ன மிஞ்சும்?

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20ஆம் திகதி தீப்பற்றியது, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மொட்டை மாடியில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பழைய கப்பல் அல்ல. அதே வருடம் கட்டி முடிக்கப்பட்டது, கிளாஸ் பத்திரங்கள் எல்லாம் புதிது. நைத்திரிக் அமிலம் ஏற்றிய கொண்டெய்னர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை. அப்படியே இங்கு வந்தது. 1,486 கொண்டெய்னர்கள் அதில் இருந்தன. 2023இல் இலண்டன் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பை 19 மில்லியன் ஸ்டேர்லிங் பவுணுக்கு மட்டுப்படுத்தியது. 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கப்பல் கடலுக்குத் தகுதியானதா என்ற கேள்வி அதன் இரும்போடு முடிவதில்லை என்பதை இந்தச் சம்பவம் காட்டியது. ஏற்றிய சரக்கு, அதைப் பொதி செய்த விதம், மாலுமிகளின் பயிற்சி எல்லாமே அதில் அடங்கும்.

மூன்றாவது, கொழும்பை நோக்கிப் புறப்பட்டு வந்து சேராத டாலி. 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய அதே கப்பல். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய வருடம் ஜூன் மாதம் சிலி நாட்டில் நடந்த பரிசோதனையில் அளவு மானிகளில் ஒரு குறை கண்டார்கள். செப்டம்பரில் நியூயோர்க்கில் பரிசோதித்தபோது குறையேதும் இல்லை. கடைசியில் மின்சாரம் தடைப்பட்டதற்குக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஒரு சிறிய கம்பி என்று 2025 நவம்பரில் அமெரிக்க விசாரணைச் சபை கூறியது. சான்றிதழ் என்பது பரிசோதித்த நாளுக்குரிய சாட்சி. மறுநாளைக்கு அது பொறுப்பேற்காது.

டாலி விடயத்தில் வியாபாரிகள் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. அதன் உரிமையாளர் 'ஜெனரல் எவரேஜ்' அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஏற்பட்ட விசேட செலவை, சரக்குக்காரர் எல்லோரும் தத்தமது பொருளின் பெறுமதிக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்பதே இதன் பொருள். உங்கள் கொண்டெய்னருக்குக் கீறல் கூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் உத்தரவாதம் கொடுக்காமல் பொருளை எடுக்க முடியாது. காப்புறுதி இருந்தால் நிறுவனம் கையொப்பமிடும். இல்லாவிட்டால் நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டி வரும்.

காவல்காரர் தவறினால்?

தரப்படுத்தல் நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது கப்பல் உரிமையாளர். கடுமையாக நடந்தால் அவர் வேறு நிறுவனத்துக்குப் போகக் கூடும். இது இந்த முறையிலுள்ள பழைய நோய். 1999 டிசம்பர் 12ஆம் திகதி, மோல்டா கொடியுடைய எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸ் கரைக்கு அப்பால் இரண்டாக உடைந்தது. வயது 25 அளவில். இத்தாலியின் புகழ்பெற்ற நிறுவனமொன்றின் சான்றிதழ் அதனிடம் இருந்தது. வழக்கு பல வருடம் நடந்து, 2012 செப்டம்பரில் பிரான்ஸின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தரப்படுத்தல் நிறுவனத்தைக் குற்றவாளியாகவே உறுதிசெய்தது. அதைவிட நமக்கு முக்கியமானது, கப்பலை வாடகைக்கு அமர்த்திய டோட்டல் எண்ணெய்க் கம்பனியும் குற்றவாளியானது. அந்தக் கப்பலைத் தெரிவு செய்யும் முன் டோட்டல் தானாகவே ஒரு சோதனை செய்திருந்தது. அதைக் கவனயீனமாகச் செய்தது என்பதே குற்றம். சான்றிதழ் இருந்ததே என்று சரக்குப் பக்கத்தில் இருப்பவர் கையைக் கழுவ முடியவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சிறிய வியாபாரி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம், அதுவும் பெரிய செலவில்லாமல்.

முதலாவது, கப்பலைத் தெரிவு செய்வது யார் என்று பாருங்கள். 'சி அண்ட் எப்' அல்லது 'சி.ஐ.எப்.' விலையில் வாங்கினால் விற்பவரே கப்பலைத் தெரிவு செய்கிறார். அவருக்குக் குறைந்த கூலியே இலாபம். எப்.ஓ.பி.யில் வாங்கினால் தெரிவு உங்களுடையது. மொத்தமாக மூட்டையோ இரும்போ ஏற்றும் கப்பலில் இந்த வித்தியாசம் பெரிது.

இரண்டாவது, கப்பலின் பெயரோடு அதன் ஐ.எம்.ஓ. இலக்கத்தையும் கேளுங்கள். ஏழு இலக்கம் கொண்ட அந்த எண், கப்பலின் பெயரும் கொடியும் எத்தனை தடவை மாறினாலும் மாறாது. பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். 'இக்வாசிஸ்' என்று ஓர் இலவச இணையத் தரவுத்தளம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதில் பதிந்துகொண்டு இலக்கத்தைப் போட்டால் கப்பலின் வயது, கிளாஸ், எந்தத் துறைமுகத்தில் எப்போது மறிக்கப்பட்டது என்பதெல்லாம் வரும். பத்து நிமிட வேலை.

மூன்றாவது, காப்புறுதிக்காரரிடம் போகும்போது 'கிளாசிபிகேஷன் குளோஸ்' எங்கே என்று கேட்டு வாசியுங்கள். வழமையாகப் பாவிக்கப்படும் 2001ஆம் ஆண்டு வாசகத்தின்படி, மொத்தச் சரக்குக் கப்பலுக்குப் 10 வயதும் ஏனையவற்றுக்கு 15 வயதும் எல்லை. அதற்கு மேற்பட்டால் மேலதிக பிரிமியம். குறித்த துறைமுகங்களுக்கிடையே ஒழுங்காக ஓடும் பொதுச் சரக்குக் கப்பலுக்கு 25 வயது வரையும், அவ்வாறே ஓடும் கொண்டெய்னர் கப்பலுக்கு 30 வரையும் சலுகை உண்டு. 2025 மே 25ஆம் திகதி கொச்சிக்கு அப்பால் 640 கொண்டெய்னர்களுடன் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3, 1997இல் கட்டப்பட்டது. வயதைப் பொறுத்தவரை அந்த 30க்குள்தான் அதுவும் இருந்தது. எனவே எல்லைக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் மனம் ஆற வேண்டாம். கப்பலின் வயதோ கிளாஸோ எல்லைக்கு வெளியே என்று தெரிந்தால் உடனே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

நான்காவது, எந்தப் பாதுகாப்பு என்று பாருங்கள். சி.ஐ.எப்.பில் விற்பவர் எடுக்க வேண்டியது ஆகக் குறைந்த 'சி' வகைதான். அலை அடித்துக் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்தால் 'சி' வகையில் அதற்கு இடமில்லை. 'பி'யில் உண்டு, 'ஏ'யில் உண்டு. அரிசி, சீனி, இரும்பு இறக்குபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது, எல்.சி.யில் நிபந்தனை போடுங்கள். ஆனால் சரியாகப் போடுங்கள். "கப்பல் 15 வயதுக்கு மேற்படக் கூடாது" என்று மட்டும் எழுதினால் வங்கி அதைக் கணக்கில் எடுக்காது. யு.சி.பி. 600 விதிகளின்படி, ஆவணம் எதுவும் குறிப்பிடாத நிபந்தனையை வங்கி பார்க்கத் தேவையில்லை. ஆகவே, கப்பலின் வயதையும், ஐ.ஏ.சி.எஸ். அங்கத்துவ நிறுவனத்தின் கிளாஸ் உள்ளதையும் உறுதிப்படுத்தும் கப்பல் முகவரின் கடிதம் ஒன்றை ஆவணங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் விற்பவருக்குப் பணம் கிடைக்காது. அப்போதுதான் அவர் கவனிப்பார்.

ஆறாவது, சேதம் கண்டால் தாமதிக்க வேண்டாம். 1982ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இங்கு நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பயணம் தொடங்குவதற்கு முன்பும் தொடங்கும்போதும் கப்பலைத் தகுதியாக்க உரிய கவனம் எடுப்பது கப்பல்காரரின் கடமை. வெளிப்படையான சேதத்தைப் பொருளை எடுக்கும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெளியே தெரியாததை மூன்று நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம். எட்டு மாதத்தைக் காப்புறுதி வாசலில் கழித்த எனக்கு, கப்பல்காரர் மீது வழக்குப் போட எஞ்சியது நான்கு மாதம். அதற்குள் அந்தக் கப்பல் உடைக்கப் போய்விட்டது.

நாம் கேட்டால்தான்

வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் போவது தெரியும். அவற்றுள் எது நல்லது, எது இற்றது என்று கரையிலிருந்து யாருக்கும் விளங்காது. அரசாங்கத்தின் பரிசோதகர் சிலவற்றில் ஏறுகிறார். தரப்படுத்தல் நிறுவனத்தின் பரிசோதகர் வருடத்துக்கொரு முறை ஏறுகிறார். ஆனால் பழைய ஓட்டைக் கப்பலுக்கு மீண்டும் மீண்டும் சரக்குக் கொடுப்பது யார்? தொன்னுக்குப் பத்து டொலர் குறைகிறதென்று சந்தோஷப்படும் நாம்தான். அந்தக் கப்பலில் இருபது மாலுமிகள் இருப்பார்கள். பிளிம்சோல் காலத்து மாலுமிகளுக்கு இருந்தது போல அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அவர்களுடைய உயிரும் நம் பொருளும் ஒரே இரும்பை நம்பித்தான் வருகின்றன.

ஆமர் வீதி இளைஞர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனார். இரண்டு நாள் கழித்து ஐ.எம்.ஓ. இலக்கத்துடன் வந்தார். இருவருமாகத் தேடினோம். வயது 27, மூன்று வருடத்தில் இரண்டு தடவை மறிக்கப்பட்டிருந்தது. விற்பவருக்கு எழுதிக் கேட்டபோது, 11 வயதுடைய வேறொரு கப்பலில் ஏற்றலாம், தொன்னுக்கு ஏழு டொலர் கூடும் என்று பதில் வந்தது. 400 தொன்னுக்கு 2,800 டொலர். கணக்குப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கூட்டாளிகள் மூவருக்கும் அதில் விருப்பமில்லையாம்.

"நானா, நீங்க அந்த வீட்டை எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் எல்.சி.யில் கப்பல் முகவரின் கடிதத்தையும் சேர்க்கச் சொல்லி வங்கிக்குப் போனார்.

பொருள் இன்னும் வந்து சேரவில்லை. நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்பதே என் துஆ. புதிய கப்பலுக்கும் ஆபத்து வரும், அதை இந்தக் கட்டுரையிலேயே பார்த்தோம். என்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்ட பின் வரும் நட்டம் வேறு, கேட்காமல் விட்டதனால் வரும் நட்டம் வேறு. இரண்டாவதை நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.